அதிர்ச்சிக்குப் பின் வரும் நெஞ்சுவலி

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் குடும்பங்களிடையே ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் படும். மகன் நிலைகொள்ளாமல் உலாவுவார். செவிலியரிடம் குரலை உயர்த்துவார். தாயாரோ மருந்துச் சீட்டுகளை அடுக்கிவைத்துக்கொண்டு, வீட்டில் பேரப்பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று தொலைபேசியில் விசாரிப்பார். அம்மாவுக்கு நெஞ்சுரம் அதிகம், அவருக்கு ஒன்றுமில்லை என்று குடும்பமே முடிவு கட்டிவிடும். அம்முடிவு ஆபத்தானது என்பது என் கருத்து.

ஆபத்தை உணர்ந்த கணமே அட்ரினல் சுரப்பிகள் இரத்தத்தில் அட்ரினலினைச் செலுத்துகின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது. எதிர்த்து நிற்கவோ தப்பியோடவோ உடல் இவ்வாறு ஆயத்தமாகிறது என்று வால்டர் கேனன் என்னும் அமெரிக்க உடலியல் அறிஞர் 1915-இல் விளக்கினார். நெருக்கடியில் பெண்கள் பிள்ளைகளைப் பேணவும் பிறரைத் துணைசேர்க்கவும் முற்படுவது மிகுதி என்று உளவியலாளர் ஷெல்லி டெய்லர் குழுவினர் 2000-இல் எழுதினர். இதனை விதியாகக் கொள்ள இயலாது. குரல் உயர்த்தும் பெண்களையும் மூலையில் அமர்ந்து அழும் ஆண்களையும் நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். ஆனால், அமைதியாகத் தோன்றுபவர் உடலிலும் அட்ரினலின் பாயத்தான் செய்கிறது.

அதன் கடுமையான விளைவுகளுள் ஒன்றை 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தனர். பெருந்துயரமோ திடீர் அச்சமோ நேர்ந்தபின் நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் தோன்றும். இ.சி.ஜி. மாரடைப்பைப் போலவே காட்டும். ஆஞ்சியோகிராமில் அதற்குக் காரணமான அடைப்பு இராது. இதயத்தின் இடக் கீழறை நுனியில் பலூன்போல் உப்பியிருக்கும். அவ்வடிவம் அந்நாட்டு மீனவர் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையை ஒத்திருந்ததால், பானையின் பெயராகிய 'டாகோட்சுபோ' என்பதே நோய்க்கும் பெயராயிற்று. நோயுறுவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்கள். ஈஸ்ட்ரோஜன் குறைவது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆண்களுக்கு இந்நோய் அரிது. ஆயினும் வந்தால் உயிரிழப்பு அவர்களிடையே மிகுதி.

பெரும்பாலோர் சில வாரங்களில் குணமடைகின்றனர். முதல் சில நாட்களே அபாயமானவை. அந்நாட்களைத்தான் நாம் வீணாக்குகிறோம். இழவு வீட்டில் ஒரு பெண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டால், "அழுது ஓய்ந்தால் சரியாகிவிடும்" என்று சோடா கொடுத்து உட்காரவைக்கிறோம். இது மாரடைப்பா, டாகோட்சுபோவா என்பதை வீட்டிலிருந்தபடி எவராலும் கூற இயலாது. உடனே 108-ஐ அழையுங்கள். வந்தவுடன், வலிக்கு முன் நேர்ந்த துயரத்தையும் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். நோயாளிக்குத் துணையாக வந்தவருக்கே வலி கண்டால், மருத்துவர் அடுத்துப் பார்வையிட வரும்வரை காத்திராமல் அப்போதே பணியிலுள்ள செவிலியரிடம் தெரிவியுங்கள்.