கிறீச் கிறீச் கியோட்டோ!

போன வாரம் லேப், ரிப்போர்ட்னு புலம்பினேன் இல்லையா... இந்த வாரம் ஊர் சுத்தல். ஒசாகாவில் ஒரு மாச இன்டர்ன்ஷிப் முடிய ஒரே ஒரு ஞாயிறுதான் பாக்கி. நான், ரூம்மேட் சேலத்தான், எங்க லேப் ஜப்பான் பையன். மூணு பேரும் ரயில் ஏறினா, அரை மணி நேரத்தில் கியோட்டோ! 794-ல் தலைநகரான ஊர்.

முதல்ல பொற்கோயில், கின்காகுஜி. குளத்தில் தங்க நிழல் ஆடுது. ‘அறுநூறு வருஷமா அப்படியே இருக்கே!’னு சேலத்தான் உருகிட்டு இருந்தான். ‘இல்ல, 1950-ல ஒரு இளம் துறவி தீ வெச்சுட்டார். இது 1955-ல திரும்பக் கட்டினது’னு ஜப்பான் பையன் சொன்னதும் நம்மாளு முகத்தைப் பார்க்கணுமே! ‘எங்க தாத்தாவைவிட இளசாடா இது?’

அடுத்து நிஜோ கோட்டை. 1603-ல் தொகுகவா இயேயாசு கட்டினது. ஷூவைக் கழட்டிட்டு நடந்தா, தரை ‘கிறீச் கிறீச்’னு குருவி மாதிரி கத்துது. பேரே நைட்டிங்கேல் தரை! எதிரி நுழைஞ்சா காட்டிக்கொடுக்கிற அலாரம்னு சொல்வாங்க. பலகைக்கு அடியில் இரும்புக் கவ்வியும் ஆணியும் உரசுற சத்தம்தான் அது. வேணும்னு வெச்சதே இல்ல, காலப்போக்கில் தேய்ஞ்சு வந்ததுன்னும் ஒரு பேச்சு இருக்கு. ஆக, கோளாறைக் காட்டி ‘இதுதான் சார் ஸ்பெஷாலிட்டி’னு சமாளிக்கிறது நம்ம ப்ராஜெக்ட் வைவாவில் ஆரம்பிச்சதில்ல!

சாயங்காலம் கியோமிசு கோயில். மலைச்சரிவில் 13 மீட்டர் உயரத்துக்கு மர மேடை, 1633-ல் எழுப்பினது. தூணும் உத்திரமும் ஆணியே இல்லாம ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி நிக்குது. சிவில் மக்களே, நோட் பண்ணிக்கோங்க. மேலே நின்னா மொத்த ஊரும் காலடியில்.

‘போர்ல இந்த ஊர் எப்படிடா தப்பிச்சது?’னு கேட்டான் சேலத்தான்.

‘சின்னச் சின்ன குண்டு விழுந்தது. அணுகுண்டு போடுற பட்டியல்லயும் இருந்தது. 1945-ல அமெரிக்கப் போர்த்துறை அமைச்சர் ஸ்டிம்சன் பிடிவாதமா எடுக்க வெச்சுட்டார்.’

‘சூப்பர்!’

‘அதுக்குப் பதிலா வேற ஊரைச் சேர்த்தாங்க. ஆகஸ்ட் 9 அன்னிக்கு அதுகூட முதல் குறி இல்ல, கொக்குராதான். மேகமும் புகையும் மறைச்சதால விமானம் எங்க ஊர் பக்கம் திரும்பிடுச்சு.’

எங்க ஊர். நாகசாகி.

ஒரு மாசமா பக்கத்து ஸீட். அவன்கிட்ட ராமென் கடை கேட்டோம், வைஃபை பாஸ்வேர்ட் கேட்டோம். ‘நீ எந்த ஊர்டா?’னு மட்டும் கேட்கவே இல்ல. நம்ம ஊர் பஸ்ல பக்கத்துல உட்கார்ந்தவர்கிட்டகூட முதல்ல அதைத்தானே கேட்போம்?

‘சூப்பர்’னு சொன்னவன் மேடைப் பலகையையே பார்த்துட்டு நின்னான். அவன்தான் எங்களைக் கிளப்பினான். ‘வாங்க, பாட்டிக்கு யாட்சுஹாஷி வாங்கணும், கடையைச் சாத்திடுவாங்க.’ பட்டை வாசனையோட அரிசி மாவுல செய்யற ஸ்வீட் அது. பெட்டிக்கு நான்தான் காசு கொடுப்பேன்னு சேலத்தான் அடம். அவன் விடவே இல்ல. கடைசியில் ரெண்டு பெட்டி வாங்கினோம். ஒண்ணு பாட்டிக்கு. இன்னொண்ணு ரூம் கதவைத் திறக்கறதுக்குள்ள காலி!