ரத்தினவேலு வேஷத்தை ஃபகத் பாசில் ஏன் போட்டார் என்று கேட்பவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் நிறுத்திவிட்டு கமெண்ட் போட வேண்டாம். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டையைப் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். 'மாமன்னன்' ஜூன் 29ஆம் தேதி தியேட்டருக்கு வந்தபோது இவ்வளவு ரகளை இல்லை. ஜூலை 27ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸில் வந்த பிறகுதான் ஆரம்பித்தது. அதில் ஃபகத் பாசில் ரத்தினவேலுவாக நடித்திருக்கிறார். சாதித் திமிர் பிடித்த அரசியல்வாதி. பந்தயத்தில் தோற்ற தன் நாயைத் தன் கையாலேயே அடித்துக் கொல்கிறவன். அவன் வரும் காட்சிகளை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் சாதிப் பெருமைப் பாட்டை ஓடவிட்டு, ஆளாளுக்கு ஸ்டேட்டஸ் வைத்தார்கள்.

அதைப் பார்த்துக் கொதித்துப்போன என் மைத்துனர், நல்ல நடிகர்கள் இந்த மாதிரி வேஷத்தைத் தொடவே கூடாது, அவர் நடித்ததால்தானே பசங்க இப்படி ஆடுகிறார்கள் என்று எழுதினார். நாங்குநேரியில் ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை அவனோடு படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்களே, தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்ததே, அந்தச் செய்தியையும் கீழே போட்டார். உடனே ஏழெட்டு கும்பிடு எமோஜி. மச்சான் அனல்மின் நிலையத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர், மனசில் கள்ளம் இல்லாதவர். ஆனால் அவர் எழுதியது தப்பு. கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள் மச்சான்.

முதலில் கணக்கு. மாணவர்கள் சாதி பார்த்துக் கையில் கலர் கயிறு கட்டிக்கொண்டு வருகிறார்கள், அதைத் தடுக்க வேண்டும் என்று பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது 2019இல். 'மாமன்னன்' வந்தது 2023இல். நான்கு வருஷம் முன்னாலேயே கட்டிய கயிற்றுக்கு ஃபகத் பாசில் எப்படிப் பொறுப்பாவார்? என் போனில் வந்த ஸ்டேட்டஸ்களில் இரண்டு, என்னிடம் ஒன்பதாம் வகுப்புப் படித்த பையன்கள் வைத்தவை. பெயர் சொல்ல மாட்டேன், அவர்களுக்கே தெரியும். நான் சமத்துவம் என்று பாடம் நடத்தியபோது தலையாட்டியவர்கள்தான். அவர்கள் இதைச் சினிமாவில் கற்றுக்கொள்ளவில்லை. வீட்டுத் திண்ணையில் கற்றார்கள், கல்யாணப் பத்திரிகையில் கற்றார்கள். என் வகுப்பில் அது கரையவில்லை. அந்த வெட்கம் எனக்குத்தான், நடிகருக்கு இல்லை.

படத்தை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எம்.எல்.ஏ. ஆன பிறகும் நாற்காலி கிடைக்காமல் நிற்கும் வடிவேலு அதில் இருக்கிறார். கிணற்றில் குளித்ததற்காகச் சின்னப் பிள்ளைகளைக் கல்லால் அடித்துக் கொல்லும் காட்சி இருக்கிறது. நம்மை முப்பது வருஷமாகச் சிரிக்க வைத்த மனிதர் மலை உச்சியில் நின்று அழுகிறார். ரத்தினவேலுவை வீரனாகக் காட்ட வேண்டும் என்றால் இதையெல்லாம் வெட்டி எறிய வேண்டும். பையன்கள் அதைத்தான் செய்தார்கள். கத்தரிக்கோல் அவர்கள் கையில் இருந்தது, ஃபகத் கையில் இல்லை. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த நடையும் பார்வையும் மிரட்டுகின்றன. கேமராவும் அதில் கொஞ்சம் மயங்கித்தான் நிற்கிறது. ஆனால் அரைகுறையாக நடித்து, அசட்டு வில்லனாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சாதி வெறி என்பது கேனத்தனமான விஷயம், நம் வீட்டில் எல்லாம் இல்லை என்று சிரித்துவிட்டு வந்திருப்போம்.

நம் அம்மாக்கள் காலத்துக்குப் போங்கள். எம்.ஜி.ஆர். திரையில் சிகரெட் தொட மாட்டார், குடிக்க மாட்டார். மரியாதைக்குரிய முடிவுதான். ஆனால் அவர் நல்லவராக ஜெயிக்க எதிரில் ஒரு நம்பியார் வேண்டியிருந்தது. டெண்ட் கொட்டகையில் நம்பியார் முகம் தெரிந்தாலே என் அம்மா விரலைச் சொடுக்கிச் சாபம் விடுவார். அந்த நம்பியார் வெளியே சைவச் சாப்பாட்டுக்காரர், வருஷா வருஷம் மாலை போட்டுச் சபரிமலைக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்களை அழைத்துப்போன குருசாமி. 1954ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 'பராசக்தி' வந்து இரண்டே வருஷம், ஊரே சிவாஜியைக் கொண்டாடுகிறது. அந்த நேரத்தில் 'அந்த நாள்' படத்தில் ஜப்பான்காரனுக்கு நாட்டு ரகசியம் விற்கும் துரோகியாக நடித்தார். அதே வருஷம் 'ரத்தக்கண்ணீர்'. எம்.ஆர். ராதா ஏற்ற மோகனசுந்தரத்தைவிடக் கேவலமான ஆள் உண்டா? கட்டின மனைவியைச் சீண்ட மாட்டான், பெற்ற தாயை மதிக்க மாட்டான். கடைசியில் தொழுநோய் வருகிறது. (நோயைத் தண்டனையாகக் காட்டியதில் எனக்கு இன்றைக்கும் உடன்பாடில்லை. அது வேறு பதிவு.) அந்த வேஷத்தை நாடக மேடையிலும் வருஷக்கணக்காகப் போட்டார். அதைப் பார்த்து எந்தப் பையன் மனைவியைக் கைவிட்டான்? எத்தனை வீட்டில் ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார்கள் என்று பெரியவர்களைக் கேளுங்கள்.

உண்மையில் எனக்கு வயிற்றைக் கலக்குவது வில்லன் வேஷம் இல்லை, நாயகன் வேஷம். பெண் வேண்டாம் என்கிறாள். பஸ் ஸ்டாப்பில் நிற்கிறான், ரயிலில் பின்னாலேயே ஏறுகிறான், கடைசியில் அவளே சிரித்துவிடுகிறாள். அதற்கு நாலு பாட்டு, அதை நாம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிறோம். 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை வேளையில் ஒரு பெண்ணை வெட்டிக் கொன்ற பிறகு இதைப் பற்றிக் கொஞ்ச நாள் பேசினோம், அப்புறம் மறந்தோம். இந்த வேஷத்தை ஏன் ஏற்றீர்கள் என்று எந்தக் கதாநாயகனையும் நம் குழுவில் யாரும் கேட்டதில்லை மச்சான். அத்திப்பட்டு புதுநகரில் மின்சார ரயில் ஏறிப் போய்வரும் நம் பெண் பிள்ளைகளைக் கேளுங்கள், அவர்கள் யாரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை எழுதத்தான் மூன்று நாளாகத் தயங்கினேன்.

சினிமாவுக்கு நம் பக்கம் என்றால் ரவுடி. 'சிட்டிசன்' வந்த 2001இலிருந்து ஊர் பெயரைச் சொன்னாலே, காணாமல் போன ஊரா சார் என்று சிரிக்கிறார்கள். (அது அத்திப்பட்டி, நம்முடையது அத்திப்பட்டு.) 2018இல் 'வடசென்னை' வந்தபோது மீனவ மக்கள் கொதித்தார்கள், இயக்குநர் வெற்றிமாறன் வருத்தம் தெரிவித்தார். நம் பையன் ஒருவன் நடிக்க வாய்ப்புத் தேடிப் போனால் அடியாள் கூட்டத்தில் ஆறாவது ஆளாகக் கத்தி தூக்கச் சொல்வார்கள். ஃபகத் ரத்தினவேலுவைத் தானே விரும்பி எடுத்தார். இந்தப் பையனுக்கு அந்த வசதி இல்லை.

அதே காரியத்தை நானும் செய்திருக்கிறேன். தொண்ணூறுகளில் ஆண்டு விழாவுக்கு நான் எழுதிய நாடகத்தில் கந்துவட்டிக்காரன் வேஷம். குப்பத்திலிருந்து வந்த, கறுப்பா உயரமா இருந்த ஒரு பையனை யோசிக்காமல் கூப்பிட்டேன். பிரமாதமாக நடித்தான். எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கும் வரை "டேய் கந்துவட்டி" என்றுதான் அவனைக் கூப்பிட்டார்கள். மறு வருஷம் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான். "சார், இந்தத் தடவை நல்லவன் வேஷம் குடுங்க சார்." "உன் முகத்துக்கு இதுதான்டா பொருந்தும்" என்றேன். நல்லவன் வேஷத்தைக் குவார்ட்டர்ஸிலிருந்து வந்த சிவந்த பையனுக்குக் கொடுத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருஷம் நாடகத்தில் சேரவில்லை.

இப்போது துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறான். என் பதிவுக்கெல்லாம் லைக் போடுவான், எதுவும் எழுத மாட்டான். இதையும் படிப்பான். தம்பி, அன்றைக்கு நான் சொன்னது தப்பு. எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

பொங்கல் முடிந்து பழைய மாணவர் சந்திப்பில் நாடகம் போடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. யாருக்கு எந்த வேஷம் என்று இந்த முறை நான் சொல்லப் போவதில்லை. முதலில் அவன் எடுக்கட்டும். அந்தக் கந்துவட்டிக்காரனே வேண்டும் என்றாலும் சரி.