பத்தங்குல ஹெர்மிஸ்

உலக யுத்தத்தில் ஓடிய ஜெர்மானியக் கவசமோட்டாரைச் சிறு பிளாஸ்டிக் உருவாகக் கட்டிப் பார்ப்பது உலகெங்கும் இளைஞர் பலருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. அதிற் குற்றமொன்றுமில்லை. ஆயினும் அவ்வண்டி நமது மண்ணில் உருண்டதன்று. மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழ்பவர் அதே பசையையும் தூரிகையையும் கொண்டு கட்டத்தக்க வேறொன்று உண்டு. அதுவே ஹெர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல்.

மட்டக்களப்புக் கடலில், கரையிலிருந்து சில மைல் தொலைவில், ஏறக்குறைய 170 அடி ஆழத்தில் அக்கப்பல் இன்றும் சாய்ந்து கிடக்கின்றது. விமானந்தாங்கியாகவே வரையப்பட்டுக் கட்டத் தொடங்கிய முதற் கப்பல் அது. ஆனால், கட்டி முடிப்பதில் ஜப்பானியரின் ஹோஷோ 1922 இலேயே முந்திக்கொண்டது. ஹெர்மிஸ் 1924 இலேதான் சேவையிற் சேர்ந்தது. இன்று அதன் மாதிரியைப் பெட்டியிலிட்டு விற்பதும் அஓஷிமா என்னும் ஜப்பானிய நிறுவனமே. மூழ்கடித்தவர் நாட்டிலிருந்தே உருவமும் வருகின்றது!

அளவு எழுநூறில் ஒன்று. அறுநூறு அடிக் கப்பல் பத்தேகால் அங்குலமாகிவிடும். இதே அளவில் நமது பழைய கல்லடிப் பாலத்தைச் செய்தால் ஏறக்குறைய பதினாறு அங்குலம் வரும். அப்பாலமும் 1924 இல் திறக்கப்பட்டதே. கப்பலில் நின்ற மாலுமியோ எள்ளினும் சிறியவன்.

பாகங்களை முதலிற் சவர்க்கார நீரிற் கழுவி உலர்த்துக. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வர்ணம் ஒட்டாது. சட்டகத்திலிருந்து பாகங்களைத் திருகிப் பிடுங்காது, கூரிய வெட்டியால் நறுக்கி, மென்மையான அரத்தாளால் தேய்க்க வேண்டும். பிளாஸ்டிக் பசை ஒட்டுவதன்று, உருக்கி இணைப்பது. ஆதலின் ஒரு துளி போதும். சன்னல்களைத் திறந்து வைத்துக்கொள்க. மாரி காலத்தில் வாவியின் ஈரக்காற்று வீசும்போது வர்ணத்தைத் தெளித்தால் மேற்பரப்பு வெண்மை படர்ந்து மங்கிவிடும். வெயில் நாள் வரும் வரை பொறுப்பதே நன்று.

கொடிமரக் கம்பிகளுக்குக் கடையிற் பொருள் தேட வேண்டாம். மிகுந்த சட்டகத் துண்டொன்றை மெழுகுதிரிச் சுடருக்கு மேலே, தீயிற் படாது பிடித்து, இளகியவுடன் இரு கைகளாலும் மெல்ல இழுத்தால் மயிரிழை போன்ற நூல் கிடைக்கும். சிறுவர்கள் இதனைப் பெரியோர் முன்னிலையிற் செய்க.

இவ்வுரு நீர்மட்டத்தோடு வெட்டப்பட்டது, அடிப்பகுதி கிடையாது. ஆகவே கடலொன்று செய்ய வேண்டும். பலகையிற் பசை தடவி, கசக்கிய மெல்லிய காகிதத்தை ஒட்டி, நீல வர்ணம் பூசினால் அலைகள் எழும். கண்முன்னே இருக்கின்றதேயென்று வாவியின் பச்சைச் சாயலைத் தீட்டிவிடாதீர்கள், அது ஆழ்கடல். பேரலைகளும் வேண்டா. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாட்களே இருந்தன. நமது கடல் அமைதியாகக் கிடக்கும் பருவம் அது.

முதல் நாள் ஜப்பானியக் கடற்படை நெருங்குவதறிந்து, திருகோணமலைத் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் வெளியே அனுப்பப்பட்டன. ஹெர்மிஸ், வம்பயர் என்னும் அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலின் துணையுடன் தெற்கே வந்தது. மறுநாள் முற்பகலில் குத்திப் பாய்ந்து குண்டெறியும் விமானங்கள் அதனைக் கண்டன. அரை மணி நேரத்துக்குள் ஹெர்மிஸ் மூழ்கியது. கப்பற்றலைவர் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டனர். வம்பயரும் தப்பவில்லை. அருகே வந்த வைற்றா என்னும் ஆஸ்பத்திரிக் கப்பல் அறுநூறு பேரளவில் மீட்டெடுத்தது. நீந்திக் கரை சேர்ந்தோரும் உளர்.

தன்னைக் காக்க ஹெர்மிஸ் ஏன் விமானங்களை ஏவவில்லையென மாணவர் கேட்கலாம். அதன் மேற்றளத்தில் அன்று ஒரு விமானமேனும் இருக்கவில்லை. அதற்குரிய விமானங்கள் யாவும் கரையில் விடப்பட்டிருந்தன. விமானந்தாங்கி மாதிரிகளை வாங்குவோர் சிறு விமானங்களை மேற்றளத்தில் வரிசையாக ஒட்டி அழகு பார்ப்பது வழக்கம். வேறு ஆண்டுகளின் ஹெர்மிஸாயின் அது பொருந்தும். மட்டக்களப்புக் கடலில் மிதந்த ஹெர்மிஸைச் செய்பவர் அத்தளத்தை வெறுமையாகவே விட வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்கு வேலை பாதியில் நின்றதுபோலத் தோன்றும். வீட்டிலுள்ளோர் விமானம் எங்கேயென்று வினவுவர். வினவட்டும், அப்போது கதையைச் சொல்லலாம்.

பெட்டியில் விமானங்கள் வந்திருந்தால் எறிந்துவிட வேண்டாம். தனியட்டை ஒன்றில் ஓடுபாதை வரைந்து, அவற்றை அதில் ஒட்டி, கப்பலுக்கு ஒரு முழம் தள்ளி வைத்துவிடுக.