மூளைக்கு அரை டிக்கெட் கிடையாது

பஸ்ஸில் குழந்தைக்கு அரை டிக்கெட். மாத்திரை விஷயத்திலும் நம் கணக்கு இதுதான். பெரியவருக்கு ஒன்று என்றால் பையனுக்குப் பாதி, கைக்குழந்தைக்குக் கால். வலிப்பு மருந்துகளில் இந்தக் கணக்கு உதைக்கிறது என்கின்றன எலிகள்.

2002-ல் பெர்லின் ஆராய்ச்சியாளர்கள், பிறந்து 7 நாளான எலிக்குட்டிகளுக்கு ஃபீனோபார்பிடால், ஃபெனிடாய்ன், டயஸிபாம், வால்ப்ரோயேட் என்று நமக்குப் பழக்கமான வலிப்பு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூளை செல்கள் கொத்துக் கொத்தாகத் தற்கொலை செய்துகொண்டன. மிகைப்படுத்தவில்லை. செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் இந்தச் சமாசாரத்துக்கு 'அப்போப்டோஸிஸ்' என்று பெயரே இருக்கிறது. ரத்தத்தில் இருந்த மருந்தும் ஏறக்குறைய மனிதர்களின் வலிப்பை அடக்கத் தேவையான அளவுதான். எலியின் மூளை வேகமாக வளரும் முதல் இரண்டு வாரம்தான் ஆபத்து. அதைத் தாண்டிவிட்டால் பிழைத்தது.

ஏன் இப்படி? வலிப்பு என்பது மூளை செல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்துவது. மருந்து 'உஷ்!' என்கிறது. வளர்ந்த செல்லுக்கு அது ஓய்வு. வளரும் செல்லுக்கோ சத்தம்தான் சாப்பாடு. அக்கம்பக்கத்திலிருந்து பேச்சுமூச்சு இல்லையென்றால், 'நான் இங்கே வேண்டாதவன்' என்று முடிவுகட்டிவிடுகிறது.

இன்னொரு வேடிக்கை. 'காபா' என்கிற ரசாயனம் வளர்ந்த மூளைக்கு பிரேக். பிறந்த குட்டியின் செல்லுக்குள் க்ளோரைடு அதிகம் இருப்பதால், அதே காபா ஆக்ஸிலரேட்டர் ஆகிவிடுகிறது! ஃபீனோபார்பிடால் அழுத்துவது இந்தப் பெடலைத்தான்.

எலிக்கு இரண்டு வாரம் என்பது நமக்குக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தொடங்கி முதல் சில வயது வரை. 1990-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஜுர வலிப்பு வந்த 217 குழந்தைகளில் ஒரு பாதிக்கு ஃபீனோபார்பிடால், மறுபாதிக்கு வெறும் டம்மி மருந்து. இரண்டு வருஷம் கழித்து, மருந்து பெற்ற கோஷ்டியின் ஐ.க்யூ. சராசரியாக 8.4 புள்ளி குறைவு.

இதைப் பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்லிவைத்தேன். "அப்ப பேரனுக்கு மாத்திரையை நிறுத்திடட்டுமா?" என்றார்.

"ஐயோ, கூடவே கூடாது மாமி! வலிப்பை அடக்காம விட்டா அதுவும் மூளையைச் சும்மா விடாது. மாத்தறதோ குறைக்கறதோ டாக்டர் பாடு."

உண்மையும் அதுதான். பிறந்த குழந்தைக்கு வலிப்பு வந்தால் இன்றும் டாக்டர்கள் முதலில் எடுப்பது அதே ஃபீனோபார்பிடால்தான். அதைவிட நன்றாகக் கேட்கிற மருந்து இன்னும் அமையவில்லை. பின்னால் வந்த லெவெடிரசெட்டம் எலிக்குட்டிகளின் செல்களைக் கொல்லவில்லை என்பது ஆறுதல்.

இனிமேல் 'எலிகளிடம் சோதித்தாகிவிட்டது, பயமில்லை' என்று எங்காவது படித்தால், எலிக்கு என்ன வயசு என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.