ஒப்புக்கொடுத்தலும் ஒப்படைத்தலும்

சென்ற கல்வியாண்டின் முடிவில், ஒரு டீச்சரின் பணி நிறைவு விழாவுக்காக வரதராஜன்பேட்டைக்குப் போயிருந்தேன். பெயரைக் கேட்டால் பெருமாள் ஊர் என்று தோன்றும். ஊருக்குள் நுழைந்தால் காதில் விழுவது மாதா கோயில் மணி. அரியலூர் மாவட்டத்தின் இரண்டு பேரூராட்சிகளில் ஒன்று. கும்பகோணம் மறைமாவட்டத்துக்கு உட்பட்ட கத்தோலிக்க ஊர். சுற்றிலும் முந்திரிக்காடு. நான் போனது கொட்டை பொறுக்கும் காலம்.

காலையில் குடும்பத்தார் டீச்சருக்காக நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்தார்கள். பிற்பகலில் டீச்சர் தம் பொறுப்பை ஒப்படைத்தார்: பீரோ சாவி, இருப்புப் பதிவேடு, வரைபடங்கள், நூலகப் புத்தகங்கள். இரண்டு கையெழுத்து, ஒரு முத்திரை. கால்மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பிறந்த தேதிப்படி அவர் நவம்பரிலேயே ஓய்வு பெற்றிருக்க வேண்டியவர். கல்வியாண்டின் நடுவில் வயது முடிகிறவர்களுக்கு மறுநியமனம் உண்டு என்பதால் ஆண்டு முடியும்வரை வகுப்பில் இருந்தார். மாலையில் பொன்னாடை, மோதிரம், நினைவுப் பரிசு. மேடையேறியவர்கள் எல்லோரும், இனிப் பேரப்பிள்ளைகளோடு நிம்மதியாக இருங்கள் என்று வாழ்த்தி இறங்கினார்கள்.

பந்தியில் டீச்சர் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. "ஜூன்ல என்ன செய்யப் போறீங்க டீச்சர்?" என்று கேட்டேன்.

"முதல் வாரம் மட்டும் ஸ்கூலுக்கு வந்து போகலாமான்னு ஃபாதர்கிட்ட கேட்டிருக்கேன் சார். என் இடத்துக்கு வர்றவங்களுக்குப் பிள்ளைங்கள அடையாளம் காட்டணும். ரிஜிஸ்டர்ல பேருதானே இருக்கு?"

அந்தக் கடைசி வார்த்தையைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்க முடியவில்லை. காரணம் இருக்கிறது.

நான் ஓய்வு பெற்ற ஆண்டில் என் ஆறாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். இடது காது கேட்காது. வெளியே தெரியாது; அவனும் சொல்லமாட்டான். முதல் பருவத்தில் ஒருநாள், நான் கூப்பிடும்போதெல்லாம் அவன் தலையைத் திருப்பும் விதத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். வகுப்பின் இடது ஓரம், இரண்டாம் வரிசையில் உட்காரவைத்தேன். வலது காது என் பக்கம் இருந்தால் போதும், பையன் கெட்டிக்காரன். ஓய்வு பெற்ற அன்று நானும் சாவி கொடுத்தேன், பதிவேடு கொடுத்தேன், நிலுவை இல்லை என்று சான்று வாங்கினேன். இதைச் சொல்ல மறந்தேன். ஜூனில் புதிய ஆசிரியர் உயரவாரியாக உட்காரவைத்தார். பையன் உயரம். வலது ஓரம், கடைசி பெஞ்சுக்குப் போனான். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவன் அம்மாவைச் சந்தையில் பார்த்தேன். "கவனம் இல்லைன்னு எழுதியிருக்காங்க சார். உங்ககிட்ட நல்லாத்தானே படிச்சான்?" என்றார். அந்த இளம் ஆசிரியர் மேல் தவறே இல்லை. எனக்குத் தெரிந்திருந்ததை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆசிரியர்களான நம் பணிப்பதிவேட்டில் எல்லாம் இருக்கிறது. ஈட்டிய விடுப்பு 240 நாள் வரை காசாகிறது. ஊக்க ஊதியம் பெற்ற தேதியில் ஒரு நாள் பிசகினாலும் தணிக்கைத் தடை வருகிறது. முப்பது ஆண்டு வகுப்பறையில் நின்று ஒருவர் கற்றது மட்டும் எந்தப் பத்தியிலும் ஏறுவதில்லை. எந்த வீட்டில் அப்பாவைக் கூப்பிடக் கூடாது, பாட்டியைத்தான் கூப்பிட வேண்டும். முந்திரிக் காலத்தில் வராமல் போகிற பிள்ளைகளில் யார் தானாகத் திரும்புவார், யாரைப் போய் அழைத்து வர வேண்டும். பின்னத்தில் வகுப்பே தடுமாறும்போது எந்த உதாரணம் கைகொடுக்கும். இவையெல்லாம் பொன்னாடையோடு சுருட்டப்பட்டு வீட்டுக்குப் போகின்றன.

இன்றைய நிலைமை இதை இன்னும் மோசமாக்குகிறது. தமிழ்நாட்டில் ஓய்வு வயது 2020இல் 58இலிருந்து 59 ஆயிற்று. 2021இல் 60 ஆயிற்று. வயது கூடியதே தவிர, இடத்தை நிரப்பும் வேகம் கூடவில்லை. ஆகஸ்ட் 1ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியாளர் நிர்ணயம் நடக்கிறது. உதவி பெறும் பள்ளிகளில் ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடம் நிரப்பப்படுமா, உபரி என்று கழியுமா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். ஆக, பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் எதிரே கையேந்தி நிற்க ஆளே இருப்பதில்லை. தலைமையாசிரியர் வாங்கி வைக்கிறார். அவர் வாங்க முடிவது சாவியும் பதிவேடும்தான்.

ஆசிரியர் அறையிலும் இப்போது கோடுகள் விழுந்திருக்கின்றன. 2003 ஏப்ரல் 1க்கு முன் சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியம், பின் சேர்ந்தவருக்கு அது இல்லை என்பது ஒரு கோடு. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இன்னொன்று. எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களில், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். ஐந்து ஆண்டுக்குள் இருப்பவர்கள் பதவி உயர்வு கேட்காமல் இருந்தால் அப்படியே தொடரலாம். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வி பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. ஒரே அறையில் ஒருவர் ஓய்வூதியக் கருத்துரு தயாரிக்கிறார். பக்கத்து நாற்காலிக்காரர் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் என்று தேர்வுக்குப் படிக்கிறார். இந்தக் கோரிக்கைகளுக்காக நாம் போராடுகிறோம், இனியும் போராடுவோம். ஆனால் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேச நேரம் இல்லாமல் போனதற்கு அரசாணை எதையும் காரணம் காட்ட முடியாது.

உலகம் முழுக்கவும் இதே கதைதான். 2030க்குள் பள்ளிகளுக்கு 4 கோடியே 40 லட்சம் ஆசிரியர்கள் கூடுதலாகத் தேவை என்று யுனெஸ்கோ கணக்கிட்டிருக்கிறது. அதில் பெரும் பகுதி, போகிறவர்களின் இடத்துக்கு வர வேண்டியவர்கள்.

ஒப்படைப்பு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. 1880இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்த தியாகராச செட்டியார் உடல்நலம் குன்றி ஓய்வு பெற நினைத்தார். விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போகவில்லை. தம் இடத்துக்கு யார் வர வேண்டும் என்று தேடினார். தம்மைப் போலவே மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட இளைஞர் ஒருவர் திருவாவடுதுறை மடத்தில் இருந்தார். ஆதீனகர்த்தரிடம் பேசி அந்த இளைஞரை விடுவிக்கச் சம்மதம் பெற்று, கல்லூரியிலும் எடுத்துச் சொல்லி, கையோடு கொண்டுவந்து சேர்த்தார். வந்தவர் உ.வே.சாமிநாதையர். அந்த ஆண்டு அக்டோபரில்தான் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் என்பவரைச் சந்தித்தார். முதலியார் வழியாகத்தான் சீவகசிந்தாமணி என்ற காப்பியம் ஐயரின் வாழ்க்கைக்குள் வந்தது. அவர் பதிப்பாக அது 1887இல் அச்சேறியது. செட்டியார் ஓய்வூதியக் காகிதத்தோடு நின்றிருந்தால் உ.வே.சா. திருவாவடுதுறையிலேயே இருந்திருக்கக்கூடும்.

அந்த உ.வே.சா. நம் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களுக்கு அந்நியர் அல்லர். சிறுவயதில் தந்தையாரோடு அரியலூரில் இருந்தபோது அவருக்குத் தமிழில் ருசி ஏற்படுத்தியவர் சடகோபையங்கார். பிறகு குன்னம், செங்கணம் என்று பெரம்பலூர்ப் பக்கத்து ஊர்களில் தெரிந்தவர்களை நாடிப் பாடம் கேட்டார். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த அளவு கொடுத்தார். 1919இல் சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்குத் தலைவராகப் போனார். குறுந்தொகைப் பதிப்பு வெளிவந்தபோது அவருக்கு எண்பது தாண்டியிருந்தது.

ஓய்வு பெறுகிற ஆசிரியர்கள் மேடையில் தவறாமல் சொல்லும் ஒரு சொல் விசுவாசம், அல்லது நம்பிக்கை. கடவுள் நடத்தினார் என்கிறார்கள். உண்மையான சொல். ஆனால் அந்த நம்பிக்கை நம் தொழிலில் எங்கே வேலை செய்கிறது என்று பார்க்க, ஏலாக்குறிச்சிக்குப் போக வேண்டும்.

கொள்ளிடத்தின் வடகரை ஓரம், இதே அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது அந்த ஊர். இத்தாலியில் 1680இல் பிறந்த வீரமாமுனிவர் அங்கே தங்கி அடைக்கல மாதா கோயிலைக் கட்டினார். அவருடைய சதுரகராதி எல்லோருக்கும் தெரியும். ஆசிரியர்களுக்கு அதைவிட நெருக்கமானது, அவர் எழுதிய வேதியர் ஒழுக்கம் என்ற உரைநடை நூல். அன்றைக்குக் கிராமங்களுக்குக் குரு வருவது எப்போதோ ஒருமுறை. மற்ற நாளெல்லாம் செபம் சொல்லிக்கொடுத்து ஊரைச் சேர்த்துப் பிடித்தவர் வேதியர். பின்னாளில் உபதேசியார் என்று அழைக்கப்பட்ட அவரே பல ஊர்களில் எழுத்துச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரும் ஆனார். அந்த வேதியர்கள் கையில் கொடுக்க எழுதப்பட்ட நூல் அது. தாம் அங்கே இல்லாத நாட்களுக்காக ஒரு குரு எழுதிய ஒப்படைப்புக் குறிப்பு என்றே நான் அதைப் படிக்கிறேன்.

அதே பேனாதான் பரமார்த்த குரு கதையையும் எழுதியது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பும் ஒரு குரு. அந்தக் குரு சீடர்களிடம் எதையும் விட்டுப்போகவில்லை, விட்டுப்போக அவரிடம் எதுவும் இல்லை. குருத்துவத்தை இவ்வளவு மதித்த ஒருவர் குருவைப் பார்த்து இப்படிச் சிரிக்கவும் செய்தார். நான் போனால் இந்தப் பள்ளி என்னாகுமோ என்று யாராவது கண் கலங்கும்போது எனக்கு அந்தப் பூசணிக்காய் ஞாபகம் வரும்.

டீச்சர் வேலை பார்த்த வரதராஜன்பேட்டைப் பள்ளி தாங்கியிருப்பது தொன் போஸ்கோ என்ற குருவின் பெயர். அவர் நிறுவிய சபையார் 1906இல் தஞ்சாவூரில் வந்து இறங்கினார்கள். அறிவு, சமயம், அன்பு என்ற மூன்றின் மேல் அவர் தம் கல்வி முறையை நிறுத்தினார் என்பது பயிற்சி வகுப்புகளில் மனப்பாடமாகச் சொல்லப்படுவது. நடைமுறையில் அதன் பொருள், பிள்ளைகள் விளையாடும் இடத்தில் ஆசிரியர் இருக்க வேண்டும் என்பதுதான். எந்தக் காது கேட்கவில்லை என்பது அங்கே தெரியும். மாணவர் விவரம் பதியும் எமிஸ் தளத்தில் தெரியாது.

கத்தோலிக்கத் தமிழில் ஒப்புக்கொடுத்தல் என்ற சொல்லுக்குக் கனம் அதிகம். தன்னுடையது என்று இருப்பதை இறைவன் கையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வது. ஆசிரியருக்கு இது வேறு எவரையும்விடக் கடினம். தச்சர் செய்த நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போகலாம். நாம் முடிக்காத வேலையை விட்டுவிட்டுப் போகிறோம். ஆறாம் வகுப்புப் பிள்ளை என்ன ஆனான் என்று தெரிவதற்குள் நமக்கு வயதாகிவிடும். எந்தச் சமயத்தவராயினும், சமயமே இல்லாதவராயினும், இதைச் செய்ய ஒரு நம்பிக்கை வேண்டியிருக்கிறது. வருகிறவர் நம்மைவிட நன்றாகச் செய்வார் என்று நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையோடு தரும்போதுதான் அலுவலகத்தின் ஒப்படைப்பு, ஒப்புக்கொடுத்தல் ஆகிறது. வருகிறவரை நம்பாதவர்கள்தாம் சாவியை மட்டும் கொடுக்கிறார்கள்.

ஆகவே இந்த ஆண்டு ஓய்வு பெறப்போகும் நம் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓய்வூதியக் கருத்துருவோடு சேர்த்து, நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். பிள்ளைக்கு ஐந்து வரி போதும்: எங்கே உட்கார வேண்டும், யாரை அழைத்தால் வீட்டில் வேலை நடக்கும், எதில் கெட்டி, எதில் பயம், எப்போது காணாமல் போவான். குற்றப்பத்திரிகை எழுத வேண்டாம். 'பொய் சொல்வான்' என்று நாம் எழுதிவிட்டுப் போனால் அந்தப் பிள்ளை அடுத்த வகுப்பிலும் பொய்யனாகவே இருக்க நேரும். வீட்டு விஷயங்களில் வாயால் சொல்ல வேண்டியதை வாயால் சொல்லுங்கள். கடைசி நான்கு பக்கத்தில், உங்களிடம் இருபது ஆண்டாகப் பலித்த நான்கு பாடங்களை, பாடக்குறிப்பு நடையில் இல்லாமல் பேசுகிற மாதிரி எழுதுங்கள்.

தலைமையாசிரியர்களுக்கும் ஒன்று. மறுநியமனக் காலத்தில் இருப்பவரை வேலை குறைவானவர் என்று நினைத்து மாற்று வகுப்புகளுக்கு அனுப்பாதீர்கள். வாரம் இரண்டு பாடவேளை இளையவர் ஒருவரை அவர் வகுப்பின் பின்வரிசையில் உட்காரவையுங்கள். இளையவர் வகுப்பில் அவரை உட்காரவையுங்கள். இதற்கு நிதி வேண்டாம், ஆணை வேண்டாம். காலஅட்டவணையில் இரண்டு கட்டங்கள் போதும்.

அடுத்த இதழிலிருந்து அந்த நான்கு பக்கங்களுக்காக இங்கே இடம் ஒதுக்குகிறோம். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், பாடம் மட்டும் வரட்டும்.

ஜூன் முதல் வாரத்தில் வரதராஜன்பேட்டைக்கு போன் செய்து கேட்டேன். இடம் இன்னும் நிரப்பப்படவில்லையாம். ஓய்வு பெற்ற நம் டீச்சர் பக்கத்து வகுப்பு டீச்சரிடம்தான் பிள்ளைகளை அடையாளம் காட்டிக்கொண்டிருந்தார். "யார் வந்தாலும் இவங்க சொல்லிடுவாங்க சார்" என்றார்.