தேயிலைத் தூசினால் வரும் மூச்சு நோய்க்கு நட்டஈடு கோருவோரின் சான்றுகள் தொடர்பான கோரிக்கை மனு

அனுப்புநர்: டிக்கோயாப் பகுதித் தேயிலைத் தொழிற்சாலைகளில் வேலை செய்தோர், செய்வோர் சங்கம், டிக்கோயா.

பெறுநர்: தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளர், கொழும்பு.

பிரதிகள்: தொழில் திணைக்கள அலுவலகம், ஹட்டன்; மருத்துவ அத்தியட்சகர், கிளங்கன் ஆதார வைத்தியசாலை, டிக்கோயா.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

எங்கள் அங்கத்தவர்களில் பலர் பெக்டரியில் தேயிலை சலிக்கும் இடத்திலும் பொதி கட்டும் இடத்திலும் வாலிபத்தைக் கழித்தவர்கள். இன்று லயத்து ஏற்றத்தில் நாலு எட்டு வைத்ததும் நின்றுவிடுகிறார்கள். இரவில் இழுப்பு வந்தால் எழுந்து உட்கார்ந்தே விடிய வைக்கிறார்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் தொழிலால் வரும் நோய்க்கும் இடமுண்டு. ஆனால், அச்சட்டத்தின் அட்டவணையில் பெயர் இல்லாத நோய் என்றால் அது வேலையால் வந்தது என்று நிரூபிக்கும் சுமை தொழிலாளியின் தலையில் விழுகிறது. அதற்கான கடதாசிகளோ அவர் கையில் இல்லை.

ஊழியர் சேமலாப நிதிப் பதிவு எந்தத் தோட்டத்தில், எத்தனை வருடம் என்று சொல்லும்; மலையில் கொழுந்து எடுத்தாரா, பெக்டரியில் தூசுக்குள் நின்றாரா என்று சொல்லாது. அதைச் சொல்வது செக்ரோல் என்னும் தினசரி வேலைப் பதிவேடு. அது தோட்ட அலுவலகத்தில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கொண்டு அரச வைத்தியசாலைப் பதிவைக் கேட்கலாம். தனியார் கம்பனியின் செக்ரோலைக் கேட்பது அத்தனை எளிதல்ல. ஆகவே, நோயாளி எந்தப் பகுதியில் எவ்வளவு காலம் வேலை செய்தார் என்ற எழுத்து மூலச் சான்றை நிர்வாகம் ஒரு மாதத்துக்குள் தர வேண்டும் என்று தாங்கள் பணிக்க வேண்டும். பழைய செக்ரோல்களை அழிக்கவும் விடக்கூடாது.

“விறகடுப்புப் புகை, பீடி, மலைக் குளிர்” என்பதே எங்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில். புகையும் குளிரும் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் தேயிலைத் தூசினால் ஆஸ்துமா வரும் என்பது இந்த நாட்டு மருத்துவரே எழுதி வைத்தது. மார்பு நோய் மருத்துவர் சி. ஜி. உறகொட 1970இல் டீமேக்கருக்கு (பெக்டரியில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிப்பவருக்கு) வரும் ஆஸ்துமா என்றே தலைப்பிட்டு எழுதினார். 1980இல் இலங்கைத் தேயிலைத் தொழிலாளரின் மூச்சு நோய்கள் பற்றிய ஆய்வையும் வெளியிட்டார். டீமேக்கருக்கு வருவது, அதே கூரையின் கீழ் நாள் முழுதும் சலித்தவருக்கு வராதா?

புகையா தூசா என்று பிரித்தறியவும் வழியுண்டு. கையடக்கமான மூச்சுமானியில் நாளுக்கு நான்கு தடவையாவது ஊதி, வேலை நாளிலும் லீவு நாளிலும் சில வாரங்கள் குறித்து வந்தால், வேலைக்குப் போகும் நாட்களில் மூச்சு இறங்குவதும் வீட்டிலிருக்கும் நாட்களில் ஏறுவதும் தெரிந்துவிடும். ஆனால் இந்தச் சோதனையை வேலையில் இருக்கும்போதுதான் செய்ய முடியும். ஓய்வுபெற்ற பிறகு சான்று கேட்பது, அறுவடை முடிந்த வயலில் கதிர் தேடச் சொல்வது போன்றது. எனவே இன்று பெக்டரியில் உள்ளவர்களுக்கு வருடத்துக்கு ஒரு தடவை மூச்சுப் பரிசோதனை செய்து, அதன் பிரதியைத் தொழிலாளியின் கையிலும் கொடுக்க வேண்டும். இந்திய உதவியுடன் கட்டப்பட்டு 2017இல் திறக்கப்பட்ட புதிய கட்டடத்தைக் கொண்ட கிளங்கன் வைத்தியசாலையில் இதற்கென ஒரு கிளினிக் நாள் ஒதுக்கித் தருமாறும், நோயாளியின் கிளினிக் கொப்பியில் அவருடைய வேலையையும் எழுதுமாறும் மருத்துவ அத்தியட்சகரை வேண்டுகிறோம்.

ஏற்கெனவே ஓய்வுபெற்றவர்களுக்கு வேறு வழி வேண்டும். கூட வேலை செய்தவர்களின் சத்தியக் கடதாசியையும், இராத்திரி பக்கத்தில் படுத்து அந்த மூச்சைக் கேட்ட கணவன் அல்லது மனைவியின் வாக்குமூலத்தையும் விசாரணையில் சான்றாக ஏற்க வேண்டும். அவற்றைத் தமிழில் பதிய வேண்டும். விசாரணை ஹட்டனில் நடக்க வேண்டும். மூச்சு வாங்குபவரைக் கொழும்புக்கு வரச் சொல்வது நியாயமல்ல.

தேயிலைத் தூசினால் வரும் ஆஸ்துமாவை, ஐயத்துக்கு இடமில்லாமல், பெயர் சொல்லி அட்டவணையில் சேர்க்கத் தொழில் அமைச்சுக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். தூசை உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாடு பெக்டரிகளில் ஓடுகிறதா என்பதை, 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி பரிசோதகர்கள் முன்னறிவித்தல் இல்லாமல் வந்து பார்க்கட்டும். அறிவித்துவிட்டு வரும் நாளில் எல்லா விசிறியும் ஓடும்.

எங்கள் பிரதிநிதிகளை ஹட்டனில் சந்திக்க ஒரு திகதியைத் தந்து, தமிழில் பதிலளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இவ்வண்ணம்,
தலைவர், செயலாளர்
சங்க அங்கத்தவர்கள் சார்பில்
டிக்கோயா