அமைச்சர் சொன்னா ஒரே நாள்... மலைமக்கள் சொன்னா?

பெரிய ஆன்லைன் விற்பனைத் தளம் ஒண்ணைத் திறந்து "ஆதிவாசி மாறுவேட உடை"ன்னு தேடிப் பாருங்க. இலைப் பாவாடை, எலும்பு மாலை, கையில ஈட்டி... குழந்தைகள் அளவுல 'செட்' 'செட்'டா வந்து நிக்கும். பள்ளி ஆண்டு விழாவுக்கு வாங்கிப் போட்டுவிடுறாங்க. பிள்ளை மேடையேறி "ஹூ ஹா"ன்னு குதிச்சா கைதட்டல்.

போளூரிலிருந்து மலையேறி ஜமுனாமரத்தூருக்கு வந்து பாருங்க. இங்க யாரு ஈட்டியோட திரியறாங்க? சாமை விதைக்கிறவங்க, தேன் எடுக்கிறவங்க, புளி உலுக்குறவங்க, வெளியூருக்குக் கட்டட வேலைக்குப் போறவங்க, காலேஜ் பஸ்ஸுக்குக் காத்து நிக்கிற பிள்ளைங்க. இதே ஜவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி சிவில் நீதிபதியாகத் தேர்வானது 2024 பிப்ரவரியில் தமிழ்நாடே கொண்டாடிய செய்தி. ஆனா விற்பனைத் தளத்தோட கண்ணுக்கு இந்த மக்கள் இன்னும் எலும்பு மாலைதான்.

"இது சின்ன விஷயம், விளையாட்டுக்குத்தானே"ன்னு சிலர் சொல்லலாம். சரி. அப்போ எது பெரிய விஷயம்னு அந்தத் தளங்கள் எப்படி முடிவு பண்ணுதுன்னு பார்ப்போம்.

🔴 2017 ஜனவரி: அமேசான் கனடா தளத்தில் நம் தேசியக் கொடி அச்சிட்ட மிதியடி. அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் ட்விட்டரில் எச்சரித்தார். மன்னிப்புக் கேட்டு நீக்காவிட்டால் அமேசான் அதிகாரிகளுக்கு இந்திய விசா கிடையாது என்றார். மிதியடி உடனே காணாமப் போச்சு, வருத்தக் கடிதமும் வந்தது. அடுத்த சில நாளிலேயே காந்தி படம் போட்ட செருப்பு அமேசானின் அமெரிக்கத் தளத்தில் கண்ணில் பட்டது!

🔴 2016-ல் இந்துக் கடவுள் படம் போட்ட மிதியடிகள். ட்விட்டரில் புறக்கணிப்பு முழக்கம், உடனே நீக்கம். 2019 மே மாதம் அதே நிறுவனத்தில் கடவுள் படத்தோடு கழிப்பறை மூடி உறைகள். மறுபடி முழக்கம், மறுபடி நீக்கம்.

🔴 2021 ஜூன்: அமேசான் கனடாவில் கர்நாடகக் கொடி நிறமும் அரசுச் சின்னமும் போட்ட நீச்சல் உடை. கர்நாடக அமைச்சரே கண்டித்தார். நீக்கப்பட்டது.

🔴 2024 நவம்பர்: கொலை வழக்குகளில் சிக்கி சிறையில் இருக்கும் லாரன்ஸ் பிஷ்னோய் படம் போட்ட டி-ஷர்ட்டுகள் மீஷோ, ஃபிளிப்கார்ட் தளங்களில். ஒரு பத்திரிகையாளர் அம்பலப்படுத்தினார். பிறகு நீக்கம், மகாராஷ்டிர சைபர் போலீஸ் வழக்கு.

🔴 2025 மே: பாகிஸ்தான் கொடி விற்பனை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான், ஃபிளிப்கார்ட் உள்ளிட்ட நிறுவனங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

இந்தப் பட்டியலில் எது சரி, எது மிகைன்னு நமக்குள்ள ஆளாளுக்கு ஒரு கருத்து இருக்கலாம். ஆனா எல்லாத்துலயும் ஒரு பொது அம்சம் இருக்கு. விதி தானா வேலை செய்யல. யாரோ பெரிய குரல்ல கத்தின பிறகுதான் விதிக்கு உயிர் வந்துச்சு.

ஏன் இப்படி? சரக்கை விற்பது பெரும்பாலும் தளம் கிடையாது. வெளி விற்பனையாளர்கள். ஒரு படத்தை மென்பொருளில் போட்டா மிதியடி, உறை, செருப்பு, டி-ஷர்ட்னு பல பொருளா அதுவே பட்டியல் போட்டுரும். ஆர்டர் வந்த பிறகுதான் அச்சடிப்பாங்க. 2013-ல் அமேசான் பிரிட்டன் தளத்தில் பாலியல் வன்முறையைத் தூண்டும் வாசகத்தோட டி-ஷர்ட் வந்தப்போ விற்ற நிறுவனம் சொன்ன விளக்கம் என்ன தெரியுமா? வாசகங்களைக் கணினி நிரல் தானாகச் சேர்த்துவிட்டதாம். அதாவது, மனுஷங்க யாரும் படிக்காத டி-ஷர்ட் விற்பனைக்கு வந்திருக்கு!

வாசல்ல காவல் இல்ல. புகார் வந்தா பார்ப்பாங்க. புகாரும் டிரெண்டிங் ஆனாத்தான் பார்ப்பாங்க. இதுதான் நடைமுறை விதி.

அப்போ டிரெண்டிங் பண்ண ஆள் பலம் இல்லாதவன் கதி? 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர். மக்கள்தொகையில் 1.1 சதவீதம். அதில் பெரிய பிரிவு நம்ம ஜவ்வாது மலையில வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள்தான். (கேரள மலையாளிகள் அல்ல. பெயர்க் குழப்பத்தையே நாம இன்னும் விளக்கிக்கிட்டிருக்கோம்!) இவங்களுக்காக எந்த அமைச்சர் விசா மறுப்பார்?

"பழங்குடியைக் கேலி பண்றது எங்க விதியில வராது"ன்னு நிறுவனங்கள் சொல்ல முடியுமா? முடியாது. இன வெறுப்பை, சகிப்பின்மையை வளர்க்கும் பொருளுக்குத் தடைன்னு அமேசானின் சொந்த விதியே சொல்லுது. 2020 ஜூலையில் அமெரிக்காவில் அதைச் செஞ்சும் காட்டினாங்க. அங்குள்ள பூர்வகுடி மக்களை இழிவுபடுத்தும் 'ரெட்ஸ்கின்ஸ்' என்ற பெயர் ஒரு கால்பந்து அணிக்குப் பல பத்தாண்டுகளாக இருந்தது. பூர்வகுடியினர் எவ்வளவோ காலம் போராடினாங்க. ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு விளம்பரதாரர்கள் நெருக்கினாங்க. உடனே அமேசான் அந்தப் பெயர் போட்ட பொருட்களை 48 மணி நேரத்துக்குள் எடுக்கச் சொல்லி விற்பனையாளர்களுக்கு உத்தரவு போட்டது.

அமெரிக்கப் பூர்வகுடிக்கு 48 மணி நேரம். அதுவும் முதலாளிகள் சொன்ன பிறகு. ஜவ்வாது மலைப் பூர்வகுடிக்கு எத்தனை மணி நேரம்?

இங்க ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடறோம். "யார் மனசு புண்பட்டாலும் எல்லாத்தையும் தூக்கு"ன்னு நாங்க கேட்கல. அந்த ஆயுதம் கடைசியில எழுத்தாளர் மேலயும் சிறுபான்மையினர் மேலயும்தான் பாயும். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலுக்கு நடந்தது மறக்கல. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்ற பிறகுதான் அவர் மீண்டும் எழுத வந்தார். புத்தகம் வாதம் செய்யும், நாம எதிர்வாதம் செய்யலாம். ஒரு சமூகத்தையே காட்டுமிராண்டி பொம்மையாக்கி ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கு மாட்டிவிடும் உடையோட என்ன வாதம் பண்றது? அந்த வகுப்புல உட்கார்ந்திருக்கும் மலைப்பிள்ளை என்ன நினைக்கும்?

இன்னொரு பக்கமும் இருக்கு. விதி சத்தத்துக்கு ஆடும்போது, நேர்மையா விக்கிற சிறு வியாபாரியும் மாட்டிக்கிறார். மென்பொருள் ஒரு சொல்லைப் பார்த்துப் பட்டியலை முடக்கினா, காரணம் கேட்க ஆள் கிடையாது. நாளைக்கு நம்ம மகளிர் குழு தேனும் சாமையும் ஆன்லைன்ல விக்கப் போனா இதே சுவர்லதான் முட்டணும். எல்லாருக்கும் ஒரே மாதிரி நடக்கும் விதிதான் ரெண்டு பேரையும் காப்பாத்தும்.

சட்டத்தில் ஒரு ஓட்டையும் உண்டு. 2020 மின்வணிக விதிகள்படி குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லணும், ஒரு மாதத்தில் தீர்க்கணும். ஆனா அது 'நுகர்வோர்' புகாருக்கு. அதாவது வாங்கினவருக்கு. அவமானப்பட்டவர் அந்தப் பொருளை வாங்கினாத்தான் நுகர்வோரா?

🚩 நமது கோரிக்கைகள்:

1. எது தடை, ஏன் தடை என்ற விதியை ஒவ்வொரு தளமும் தமிழில், உதாரணத்தோடு வெளியிட வேண்டும்.

2. 50 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள சமூக ஊடகங்கள் மாதாமாதம் புகார் அறிக்கை தர வேண்டும் என்ற கடமை, விற்பனைத் தளங்களுக்கும் வர வேண்டும். எத்தனை புகார், எத்தனை நீக்கம், எத்தனை நாள் ஆனது என்பது மக்களுக்குத் தெரியணும்.

3. ஒருமுறை நீக்கிய பொருள் வேறு பெயரில் திரும்ப வந்தால் பொறுப்பு தளத்துக்கே. "நாங்க வெறும் சந்தைதான்" என்ற சாக்கு செல்லாது.

4. பட்டியல் முடக்கப்படும் விற்பனையாளருக்குக் காரணமும் மேல்முறையீடும் வேண்டும்.

5. கொடிக்கு நோட்டீஸ் அனுப்பிய மத்திய ஆணையமும், நமது மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையமும் தாமாக முன்வந்து இதை விசாரிக்க வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும் வரை சும்மா இருக்க வேண்டாம். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள்படி வாங்காதவரும், 'பாதிக்கப்பட்டவர்' என்ற முறையில் புகார் தரலாம். இன ரீதியாக ஆட்சேபத்துக்குரிய உள்ளடக்கம் அதில் வரும். பொருளின் இணைப்பு, தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்க. தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு அனுப்புங்க. 24 மணி நேரத்தில் ஒப்புகையும், விதியில் சொன்ன கெடுவுக்குள் முடிவும் வரணும். பதில் திருப்தி இல்லைன்னா 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம். ஆசிரியர் தோழர்களே, இந்த ஆண்டு விழாவில் அந்த உடை மேடையேறாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில்.

கொடிக்கு மானம் உண்டு, மறுக்கல. அந்தக் கொடிக்குக் கீழ வாழும் மலைமக்களுக்கும் உண்டு.

பகிருங்கள் தோழர்களே!

— ஜவ்வாது மலை ஒன்றியம், ஜமுனாமரத்தூர்

#எல்லோருக்கும்_ஒரே_விதி #மலைமக்கள்_மானம் #ஜவ்வாதுமலை